உருகுநீர் ஏரி: சென்டினல் கணக்கு 2 மீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது

லாஸ்பேட்டை_வரைபடம்:
மேற்குக் கிரீன்லாந்து, 2023 ஜூலை, ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 எடுத்த படம். பனி மேல் தேங்கிய ஏரிகளின் ஆழத்தைச் சிவப்புப் பட்டையில் கணக்கிடுகிறேன். ஏரித்தரையின் எதிரொளிப்பை நீரின் எதிரொளிப்பால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, தேய்வு எண் (நீரில் ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பது) 0.83-ஆல் வகுக்கிறேன். தரை 0.60, ஆழ்நீர் (அடி தெரியாத அளவு ஆழமான நீர்) எதிரொளிப்பு 0 என்று வைத்தேன். கருநீலமாகத் தெரியும் நடுப்பகுதியிலும் 2 மீ-தான் வருகிறது. அதே ஏரியில் நாசாவின் உயரமளக்கும் விண்கலம் ஐஸ்சாட்-2-இன் லேசர் 8.2 மீ காட்டுகிறது. எதை நம்புவது? முறையைப் புதுச்சேரி ஊசுட்டேரியில் சோதித்துப் பார்க்கலாமா?

கெடிலக்கரை:
இரண்டையும் அப்படியே நம்பாதீங்க.

முதலில் சென்டினல். 2022 ஜனவரி கடைசியிலிருந்து வரும் படங்களில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டியிருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் 10000-ஆல் வகுக்கணும். கழிக்காவிட்டால் எதிரொளிப்பு எல்லா இடத்திலும் 0.1 கூடும். உங்கள் தரை உண்மையில் 0.50, நடு ஏரி ஏறக்குறைய 0.01. நீங்கள் போடுவதோ 0.60, 0.11. மடக்கை 1.7, ஆழம் 2 மீ. எவ்வளவு ஆழமான ஏரியானாலும் இதற்கு மேல் நகராது. கூகுள் எர்த் எஞ்சினில், இந்தக் கூட்டலை நீக்கித் தரும் ஹார்மனைஸ்டு தொகுப்பை எடுத்தால் இந்த வேலை மிச்சம். ஆழ்நீர் மதிப்பையும் பூஜ்யம் என்று வைக்காதீங்க. அதே படத்தின் திறந்த கடலில் எடுத்து, தரை, நீர் இரண்டின் மதிப்பிலிருந்தும் கழிங்க.

அதைச் சரிசெய்தாலும் சிவப்பு 4, 5 மீட்டரோடு நின்றுவிடும். 5 மீ ஆழத்தில் தரையிலிருந்து வரும் ஒளி 1.6 சதவீதம்தான், இரைச்சலில் காணாமல் போகும். பச்சையில் தேய்வு எண் 0.14, அதே ஆழத்தில் பாதி ஒளி மிஞ்சும். ஆனால் பச்சைக்கு ஒரு வினை உண்டு: தரை மதிப்பில் 10 சதவீதம் பிசகினால் ஆழம் 0.7 மீ பிசகும், சிவப்பில் 0.11 மீ-தான். அதனால் தரை மதிப்பைக் கரையை ஒட்டிய ஓரிரு பிக்சல் வளையத்தில் எடுங்க. வெள்ளைப் பனி கலந்தால் ஏரி பொய்யாக ஆழமாகும்.

பாகூர்_நீர்நிலை:
லேசர் பக்கம். ஏடிஎல்03 (ஐஸ்சாட்-2 தரும் ஒவ்வொரு ஃபோட்டானின் உயரத் தரவு) ஒளிவிலகலைத் திருத்தித் தராது. நீரில் ஒளி மெதுவாகப் போவதால் தரை கீழே தள்ளித் தெரியும். 8.2-ஐ 1.33-ஆல் வகுங்க, 6.2 மீ. உண்மைக்கு நெருக்கம் இதுதான்.

லேசர் ஜோடி ஜோடியாக வரும், ஒன்று வலுவானது, ஒன்று மெலிந்தது; வலுவான கற்றையை மட்டும் எடுங்க. விண்கலம் திரும்பும்போது அது இடமிருந்து வலத்துக்கு மாறும், தேதியைப் பார்த்துச் சரிபார்க்கணும். அதிக நம்பகம் என்று குறியிட்ட ஃபோட்டான்களை மட்டும் வடிகட்டினால் ஏரித்தரையே போய்விடும். கண்ணாடி போன்ற நீரில் மேற்பரப்புக்கு அரை மீட்டர் கீழே இணையாக ஒரு கோடு தெரிந்தால் அது தரையல்ல, உணரி திணறிய தடயம்.

லேசர் தடத்தின் ஆழத்தை வைத்துப் பச்சையின் தரை மதிப்பைச் சரிசெய்து, அதே படத்தின் மற்ற ஏரிகளுக்குப் போடலாம். இரண்டு தேதிகளும் நெருங்கி இருக்கணும். 2006-இல் கிரீன்லாந்தில் ஒரு ஏரி ஒன்றரை மணி நேரத்தில் வடிந்திருக்கிறது. மேலே பனி மூடிய பிக்சல்களை விட்டுவிடுங்க.

கெடிலக்கரை:
ஊசுட்டேரி கேள்வி விட்டுப்போச்சு. வேண்டாம் தோழர். வண்டலும் பாசியும் இருக்கும் நீரில் தரை தெரியாது, சூத்திரம் கலங்கலைத்தான் அளக்கும். சிக்கிமின் தெற்கு லோனாக் மாதிரி இமயமலை மொரைன் (பனியாறு குவித்த கல்மண் மேடு) ஏரிகளிலும் இதே கதை, பாறைத்தூள் கலந்து பால் போலிருக்கும். அங்கே படகில் எதிரொலிமானி (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) வைத்து அளப்பதுதான் வழி.