கலைச்சொல் தேவை: பாட்டைத் தெருவாக வரைவதற்கு என்ன பெயர்?

மடல் 1

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு பலகைக்காக இதை எழுதுகிறேன். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரைகலை நடத்துகிறேன். இந்தப் பருவம் முழுக்க மதுரைக்காஞ்சி, நெடுநல்வாடை, பரிபாடல் மூன்றிலும் வரும் நகர வரிகளை எடுத்துத் தெருவாகவும் மாடமாகவும் வாயிலாகவும் வரைந்திருக்கிறார்கள். சிலர் அட்டையில் மாதிரியும் செய்திருக்கிறார்கள். கண்காட்சி வாசலில் வைக்கும் பலகையில் இந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்குத் 'தழுவல்' என்று போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் மனசு ஒப்பவில்லை, தழுவல் என்றாலே நாடகமும் சினிமாவும்தான் நினைவுக்கு வருகின்றன.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 'ஆறு கிடந்தன்ன அகல்நெடுந் தெருவில்' (ஆறு கிடப்பது போல அகன்று நீண்ட தெருவில்) என்ற நெடுநல்வாடை வரியை நான்கு பேர் எடுத்தார்கள். மூன்று பேர் அகலமான தெரு வரைந்தார்கள். நான்காவது பெண் மதுரைக்காரி. கோடையில் வைகை எப்படிக் கிடக்குமோ அப்படி வரைந்துவிட்டாள். நடுவில் மணல் மாதிரி வெற்று வெளி, ஒரு ஓரமாக மெல்லிய நீரோட்டம் போல வரிசையாக ஜனங்கள், அதுவும் மாடங்களின் நிழல் விழும் பக்கமாக. இது மொழிபெயர்ப்பா, உரையா, புதுப்பாட்டா? இதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

மடல் 2

அம்மா, நல்ல கேள்வி. பழைய ஆசிரியன் என்ற உரிமையில் முதலில் ஒரு குறை. அந்தப் பெண் அடுத்த வரிகளைப் படிக்கவில்லை. நெடுநல்வாடைத் தெருவில் வெயிலும் கிடையாது, நிழலும் கிடையாது. கள்ளுண்டு மகிழ்ந்த முழுவலி மாக்கள் தூறலைப் பொருட்படுத்தாமல், பொழுது போன பிறகும், ஆடையின் இரு முனையும் தொங்க வேண்டிய இடமெல்லாம் திரிகிறார்கள். அது கூதிர்காலம், குளிரும் தூறலுமான பருவம். வைகை மணலுக்கு அங்கே வேலையே இல்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். புதிதாக எதையும் தேட வேண்டாம். தொல்காப்பிய மரபியலில் வழிநூல், அதாவது ஒரு முதல்நூலின் வழியில் வரும் நூல், நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். இந்த 'அதர்ப்பட யாத்தல்' இருக்கிறதே, அதுதான் உங்கள் பிள்ளைகள் செய்வது. ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழியின் நெறிக்கு உட்படுத்திக் கட்டுவது. இங்கே இரண்டாவது மொழி கோடும் கல்லும். அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் இந்திரவிழவூர் எடுத்த காதையில் 'மான்கட் காலதர் மாளிகை இடங்களும்' என்று வருகிறது. கால் என்றால் காற்று, காற்று வரும் அதர் காலதர். ஆக அதர் என்ற சொல் இலக்கணத்திலும் இருக்கிறது, வீட்டுச் சுவரிலும் இருக்கிறது! யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளையும் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். இரண்டையும் சேர்த்து அதர்யாப்பு என்று வையுங்கள்.

மடல் 3

ஐயா, படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பலகையில் 'அதர்யாப்பு' என்று எழுதினால் வாசலில் நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பத்தாவது ஆள் நீங்களாக இருப்பீர்கள். காலதரையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை மீட்டெடுத்தோம், யார் வீட்டில் காலதரைத் திறந்து வைக்கிறார்கள்? போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சன்னல்தான் காற்றை உள்ளே விடுகிறது.

நான் நாள் முழுக்க மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். சொல் கையில் எடுத்தவுடன் புரிய வேண்டும், இல்லாவிட்டால் அது அகராதியோடு நின்றுவிடும். காட்சியாக்கம் போதாதா?

மடல் 4

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். நாங்கள் யன்னல் என்று எழுதுகிறோம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்சியாக்கம் எனக்குச் சரிவரவில்லை. காட்சியாக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியச் செய்வது, அவ்வளவுதான். புள்ளிவிவரத்தைப் படமாகப் போட்டாலும் அது காட்சியாக்கம்தான். தெருவின் நடுவைக் காலியாக விட்ட அந்தப் பிள்ளை ஒரு முடிவு எடுத்திருக்கிறாள், அந்த முடிவுக்கு இந்தச் சொல்லில் இடம் இல்லை. 'கிடந்தன்ன' என்ற சொல்லைப் பாருங்கள். ஆறு ஓடியது போல என்று புலவர் சொல்லவில்லை. பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று சொல்கிறோமே, அந்தக் கிடத்தல். தெரு படுத்திருக்கிறது. அவள் அதைத்தான் பிடித்தாள் என்று நினைக்கிறேன், காலம்தான் தவறிவிட்டது.

அத்தோடு ஒன்று, முன்பு ஒரு இழையில் சிலர் 'கட்டிடக்கலை' என்று எழுதியிருந்தீர்கள். கட்டிடம் என்றால் கட்டுகிற இடம், மனை. கட்டினது கட்டடம். தயவுசெய்து கவனியுங்கள்.

மடல் 5

கட்டடமா கட்டிடமா என்பதற்கு ஏற்கெனவே மூன்று இழைகள் ஓடி முடிந்துவிட்டன, இங்கே மறுபடி வேண்டாம்.

நான் முப்பது வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன், இலக்கணம் அவ்வளவு தெரியாது. ஆனால் நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை எங்கள் கொத்தனார்களுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து, 'நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு' மனை வகுக்கிறார்கள். இந்தப் புலவர் பாட்டுக்காரர் இல்லை, மனை நூல் தெரிந்தவர். அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்!

நூல் என்பதையும் பாருங்கள். படிக்கிற நூல், நாங்கள் சுவர் எடுக்கும்போது இரண்டு முனையிலும் கட்டி இழுக்கிற நூல், அப்புறம் அளவிலும் நூல்தான். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இன்றைக்கும் கடையில் போய் மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்றுதான் கேட்கிறோம். புத்தகமும் கயிறும் அளவும் ஒரே சொல்லில் இருக்கும்போது வேறு எங்கே போக வேண்டும்? நூல்பிடிப்பு என்று வையுங்கள். எந்தக் கொத்தனாருக்கும் புரியும்.

மடல் 6

அண்ணா, உங்கள் மடலை மூன்று முறை படித்தேன், 'நூலறி புலவர்' இனி மறக்காது. ஆனாலும் நூல்பிடிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூல் பிடித்த மாதிரி என்றால் இம்மியும் விலகாமல் நேராக என்றுதானே பொருள்? இந்த வேலையில் விலகல்தான் உயிர்.

நூல்பிடித்த வேலையும் உலகத்தில் உண்டு, அதையும் மறுக்கவில்லை. இத்தாலியில் 1938-இல் தெரான்யி, லிங்கேரி என்ற இரு கட்டடக்கலைஞர்கள் கவிஞர் தாந்தே நரகம், கழுவாய், சொர்க்கம் என்று மூன்று பகுதியாகப் பாடிய காவியத்தை ரோம் நகர வீதி ஒன்றில் கட்டடமாக எழுப்பத் திட்டம் வரைந்தார்கள். காவியத்தில் 100 காதை, அதனால் நூறு தூண்கள் நிற்கும் ஒரு மண்டபம். சொர்க்கத்துக்கு 33 காதை, அதனால் அங்கே 33 கண்ணாடித் தூண்கள். அது கட்டப்படவே இல்லை, வரைபடங்களாக நின்றுபோனது. எண்ணை அப்படியே பிடித்தார்கள், ஆனால் தூணைக் கண்ணாடியாக்கியது அவர்களுடைய முடிவு, தாந்தே சொல்லிக்கொடுத்ததில்லை.

நம் பக்கம் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, கணபதி ஸ்தபதி வடிவமைத்த எழுநிலை மாடம். கதையை வரிசையாகச் சுவர்ச் சிற்பங்களில் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அது ஒரு வகை. மதுரையைத் தாமரையாகவும், தெருக்களை இதழ்களாகவும், அண்ணல் கோயிலை, அதாவது அரசன் அரண்மனையை, பூவின் நடுவிலுள்ள பொகுட்டாகவும் பார்க்கிற பரிபாடல் பாட்டை ஒரு மாணவன் தரைப்படமாக்கினால் அது இன்னொரு வகை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சுற்றுச் சுற்றாக இன்று நடக்கிற வீதிகளை அந்த இதழ்களின் மேல் வைத்துப் பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும்.

இந்த எல்லா வகைக்கும் பொதுவாக, இரண்டாம் மடலில் புலவர் ஐயா காட்டிய இடத்திலேயே சொல் இருக்கிறது. வழிநூல் போல வழியாக்கம். முதல் ஆக்கம் ஒன்று உண்டு, இது அதன் வழி வந்தது, ஆனால் இதுவும் ஆக்கம்தான்.

மடல் 7

வழியாக்கமா? நெடுஞ்சாலைத் துறை நினைவு வருகிறது. வழிவரைவு?

மடல் 8

வரைவு கூடவே கூடாது. அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். தோழி வரைவு கடாவுவாள், தலைவனைத் திருமணத்துக்கு வற்புறுத்துவாள். அலுவலகத்திலோ வரைவு என்றால் முடிவாகாத கோப்பு. இரண்டு பொருளும் அந்தப் பிள்ளைகளின் வேலைக்கு இழுக்கு.

மடல் 9

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் பார்த்தேன். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து வழியாக்கத்துக்கு ஐந்து பேர், காட்சியாக்கத்துக்கு மூன்று, நூல்பிடிப்புக்கு இரண்டு, அதர்யாப்புக்கு ஒருவர். அச்சகத்தில் மதியம் வரைதான் நேரம் கொடுத்தார்கள், அதனால் 'வழியாக்கம்' என்று பெரிதாகவும் கீழே சின்ன எழுத்தில் 'பாட்டில் உள்ள நகரத்தை வரைந்தும் கட்டியும் பார்த்தவை' என்றும் கொடுத்துவிட்டேன். நேற்று கண்காட்சிக்கு வந்தவர்கள் பெரிய எழுத்தைத் தாண்டிப் போய்ச் சின்ன எழுத்தைத்தான் வாசித்தார்கள், மறைக்காமல் சொல்கிறேன்.

புலவர் ஐயாவின் மடலை அந்தப் பெண்ணிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அன்று ராத்திரியே படத்தை மாற்றியிருக்கிறாள். நிழலை அழித்துவிட்டாள். ஓரத்தில் போன ஜனங்கள் இப்போது தூறலுக்கு ஒதுங்கி மாடத்தின் இறவாணத்தடியில், கூரை விளிம்புக்குக் கீழே, நெருங்கி நடக்கிறார்கள். நடுவில் காலியாகக் கிடந்த வெளியில் ஐந்தாறு ஆட்கள் மட்டும், துணியின் இரண்டு முனையும் தொங்க, நனைந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் போகிறார்கள். தெரு அப்படியே கிடக்கிறது. பழைய படத்தை விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

மடல் 10

அம்மா, படத்தைப் பற்றிப் படித்ததும் கண் நிறைந்தது. துணி முனையை விடாமல் வரைந்திருக்கிறாள் பாருங்கள்.

சொல்லில் மட்டும் என் கருத்து மாறவில்லை, பதிவில் இருக்கட்டும்: அதர்யாப்பு. ஐந்து பேர் வாக்கு இலக்கணம் ஆகாது. இன்னொன்று, சின்ன எழுத்தில் 'நகரம்' என்று போட்டிருக்கிறீர்கள். சங்கப் பாட்டில் நகர் என்றால் பெரும்பாலும் மாளிகை, கோயில். ஊர் முழுதையும் சொல்ல மூதூர் இருக்கிறது, 'மாடம் ஓங்கிய மல்லல் மூதூர்' என்று அந்தத் தெருவுக்கு முந்தின வரியிலேயே நிற்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றிவிடுங்கள். படத்தின் நகல் ஒன்று கிடைக்குமா?