ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றப் போகிறோம், எந்த வேக்குவம் கிளீனர் வாங்கலாம்?

தாம்பரம்_வாசி:
மொட்டை மாடியில் அப்பா காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அறையும் அதை ஒட்டிய கழிவறையும். பாசி பிடித்து ஓரமெல்லாம் உதிர ஆரம்பித்துவிட்டதால் எடுத்துவிட்டு மெட்டல் ஷீட் போடப் போகிறோம். பேசி வைத்திருக்கிற ஆட்கள் சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே தள்ளிவிட்டு விளக்குமாறால் பெருக்கிவிடுவோம் என்கிறார்கள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆன்லைனில் 'ஹெப்பா' (நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர்) என்று போட்ட வீட்டு வேக்குவம் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறது. கடைக்காரரோ ஈரம், தூசி இரண்டையும் இழுக்கும் 1600 வாட் வெட் அண்ட் ட்ரை வாங்கச் சொல்கிறார். எது சரி?

சைட்_இன்ஜினியர்:
இரண்டுமே வேண்டாம். வாட்டைப் பார்க்காதீர்கள், அது எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதற்குத்தான், இழுத்ததை உள்ளேயே வைத்திருக்குமா என்பதற்கு இல்லை. சாதாரண வெட் அண்ட் ட்ரையில் ஆஸ்பெஸ்டாஸ் நாரை இழுத்தால் பின்பக்கக் காற்றோடு அறை முழுக்கத் தூவிவிடும், பெருக்குவதை விட மோசம். வீட்டு ஹெப்பாவில் ஃபில்டர் நல்லதாகவே இருந்தாலும் மூடி, இணைப்பு வழியாகக் காற்று கசியும், டப்பாவைக் குப்பையில் தட்டும்போது எல்லாம் உங்கள் முகத்துக்கே வரும்.

இதற்கென்று இருப்பது எச் கிளாஸ் வேக்குவம். அபாயத் தூசிக்கான வேக்குவத்தில் எல், எம், எச் என்று மூன்று வகை உண்டு: தூசியில் எல் 1 சதவீதம் வரை, எம் 0.1 சதவீதம் வரை, எச் 0.005 சதவீதம் வரைதான் வெளியே விடலாம். மரத்தூளுக்கு எம் போதும், ஆஸ்பெஸ்டாஸுக்கு எச் மட்டும்தான். லேபிளில் ஆஸ்பெஸ்டாஸுக்கு ஏற்றது என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தூசி விழுவது வாயை அடைத்து அப்படியே எடுக்கக்கூடிய பைக்குள்ளா, ஹோஸ் வாயை அடைக்க மூடி இருக்கிறதா, காற்றோட்டம் குறைந்தால் எச்சரிக்கை ஒலி வருமா, இதெல்லாம் கேளுங்கள். நில்ஃபிஸ்க், கார்ச்சர் இரண்டும் எச் வகை தயாரிக்கின்றன, ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும்.

மடிப்பாக்கம்_மணி:
நாற்பது வருஷம் அதன் அடியில்தான் படுத்துத் தூங்கினோம், ஒன்றும் ஆகவில்லையே. எதற்கு இவ்வளவு பில்டப்?

சைட்_இன்ஜினியர்:
மணி சார், உடையாத ஷீட்டில் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும், அதனால் அடியில் தூங்கியதில் பெரிய ஆபத்து இல்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் வம்பு. நாரை மூச்சில் இழுத்ததால் வரும் நுரையீரல் நோய் தெரிய 20 முதல் 40 வருஷம் ஆகும் என்பதால் இப்போது ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கே இல்லை.

சிட்னி_அண்ணன்:
தம்பி, இங்கே ஆஸ்திரேலியாவில் 2003 கடைசி நாளோடு ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய வீடுகளில் இன்னும் ஏராளம். பத்து சதுர மீட்டர் வரை இறுகிய ஷீட் என்றால் லைசன்ஸ் இல்லாமல் நாமே எடுக்கலாம். என் வீட்டில் பின்பக்கச் சுவரை அப்படித்தான் எடுத்தேன், வேக்குவத்துக்கு வேலையே கொஞ்சம்தான், ஏனென்றால் தூசி கிளம்பவே விடவில்லை. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப் கலந்து ஸ்பிரேயரில் அடித்து நன்றாக நனையவிட்டு (பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள், அது நாரைப் பிய்த்து அக்கம்பக்கம் முழுக்க அடித்துவிடும்) ஷீட்டை முழுசாகவே எடுத்தேன். உங்கள் கூரையில் ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) துருப்பிடித்திருக்கும், கிரைண்டர் வைக்காமல் போல்ட் கட்டரால் வெட்டச் சொல்லுங்கள். முக்கியமாக யாரும் ஷீட் மேல் நேராக ஏறி நிற்கக் கூடாது, பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், ஆள் நேராகக் கீழே.

இரும்புக் குழாய், ஜன்னல் விளிம்பில் படிந்திருப்பதை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் குப்பையோடு கட்டிவிடுங்கள். வாடகை வேக்குவம் எடுப்பதாக இருந்தால் முன்னால் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தெரியாது, சோதித்த தேதி ஒட்டியிருந்தால் மட்டும் வாங்குங்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்.

தாம்பரம்_வாசி:
அப்படியென்றால் இந்தச் சின்ன வேலைக்கு வேக்குவமே வேண்டாமா? மாஸ்க் என் 95 போதுமா?

சைட்_இன்ஜினியர்:
அண்ணன் சொன்னபடி நனைத்து முழுசாக இறக்கினால் ஈரத்துணியே போதும். எச் கிளாஸ் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்கவில்லை என்பதற்காக வேறொன்றை வாங்கிவிடாதீர்கள். எடுத்தாலும் ஈரச் சேற்றை அதில் இழுக்காதீர்கள், ட்ரை மாடல் என்றால் ஃபில்டர் போய்விடும். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யவே கூடாது.

என் 95 வேண்டாம், பி 100 ஃபில்டர் (என் 95-ஐ விட நுண்தூசியை நன்றாகத் தடுப்பது) போட்ட அரை முக மாஸ்க், தாடியை மழித்துவிட்டுப் போடணும். வேலை முடியும் வரை பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள். ஷீட்டுகளை இரண்டு சுற்று கனமான பாலித்தீனில் சுற்றி டேப் ஒட்டுங்கள், உடைத்து மூட்டை கட்ட வேண்டாம், மாநகராட்சிக் குப்பையிலும் போட வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுகளுக்கான கிடங்கு இருக்கிறது, வீட்டுச் சரக்கை எடுப்பார்களா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அப்புறம் அந்த சுத்தியல் ஆட்களை மாற்றிவிடுங்கள்.