கேத்தலுக்குள்ள டொலமைட்

அட்டனில் இருந்த வரைக்கும் கேத்தலைத் திறந்து உள்ளே பார்க்கணும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஏழு வருஷம் பாவித்தும் பளபளவென்றுதான் இருந்தது. போன வருஷம் வேலை மாற்றம் கிடைத்து மாத்தளைக்கு வரும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது மாதம் பிளேன்டீ ஊற்றுகிறேன், கோப்பையில் ஏதோ செதில் மிதக்கிறது, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் அடித்தட்டையே காணோம். சாம்பல் வெள்ளையில் ஒரே பொருக்கு.

தேத்தண்ணியும் சரியில்லை. ஊரில் பொன்னிறமாக வந்த அதே தேயிலை இங்கே கறுத்து மங்கிப்போய், ஆறினதும் மேலே ஆடை மாதிரி படலம் கட்டுகிறது. கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையம் வேறு. தேயிலைக் கடைக்காரரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், பாவம் மனுஷன்.

பிறகு குளியலறை ஹீட்டர் நின்றுபோனது. திருத்துகிற பாஸ் வந்து, தண்ணீரைச் சூடாக்கும் கொயிலைக் கழற்றி வெளியே எடுத்தார். கம்பியே தெரியாத அளவுக்கு அதைச் சுற்றிச் சுண்ணாம்பு. "டீச்சர், இவ்வளவு நாளும் தண்ணிய சூடாக்கல, கல்ல சூடாக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். கரண்ட் பில் ஏன் ஏறியது என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் வாடகை வீட்டில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றித்தான் பைப்பில் விடுகிறார்கள். மாத்தளை, திகன பக்கமெல்லாம் நிலத்துக்கடியில் பளிங்குக்கல்லும், டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் மாதிரியான பாறையும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. மழைத்தண்ணீர் அதற்குள் ஊறும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. சூடு பட்டதும் கரைந்தது திரும்பக் கல்லாகிப் படிகிறது. 60 பாகைக்கு மேல் போனால் அது இன்னும் வேகமாக நடக்கும். அட்டனில் எங்கள் லயத்துப் பீலியில் வந்தது மழை கொட்டுகிற மலையின் ஊற்றுத்தண்ணீர். அங்கே உள்ள பாறை லேசில் கரையாது.

அப்பாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் தூவிய ஆள் அவர். சாயங்காலம் தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். "தேயிலைக்குப் போட்டத இப்ப நீ குடிக்கிற" என்று சிரித்தார்.

கேத்தலைச் சுரண்டாதீர்கள், நான் கரண்டியால் சுரண்டிக் கீறிவிட்டேன். பாதி தண்ணீரில் இரண்டு தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைத்து, அரை மணித்தியாலம் விட்டால் பொருக்கு தானாகக் கழன்று வரும். வினாகிரியும் சரி, ஆனால் வாடை போக இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்க வைக்கணும்.

இதை வாசித்தவர்கள் எழுதியது. நுவரெலியாவிலிருந்து: எங்கள் வீட்டுக் கதை நேர் எதிர். பத்து வருஷமாக ஹீட்டரில் ஒரு துளி சுண்ணாம்பு இல்லை. ஆனால் பேசினில் பைப் சொட்டுகிற இடத்தில் நீலப்பச்சைக் கறை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்ப வரும். வீடு கட்டும்போது சுடுதண்ணிக்குச் செம்பு பைப் போட்டிருந்தோம். தண்ணீர் சுண்ணாம்பு குறைந்து மென்மையாகவும் கொஞ்சம் புளிப்புத் தன்மையாகவும் இருந்தால் செம்பை அரிக்குமாம். காலையில் முதலில் வருகிற தண்ணீரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம். மென்தண்ணீர் என்றால் தொல்லையே இல்லை என்று நினைக்காதீர்கள்.

திகனயிலிருந்து: நான் ஏமாந்ததையும் எழுதுகிறேன். கரித்தூள் அடைத்த ஃபில்டர் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிப் பூட்டினேன். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது, வாஷிங் மெசின் கொயில் மட்டும் பழையபடி பூத்தது. கரைந்திருக்கிற சுண்ணாம்பை மணலும் கரியும் பிடிக்காது. சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்கிற, உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற ரெசின் மெசினோ, மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கிற ஆர்ஓவோதான் வேணும். இப்போது துணிக்குச் சுடுதண்ணி பாவிப்பதையே விட்டுவிட்டேன், செலவில்லாத வைத்தியம்.

பதுளையிலிருந்து, சொந்த ஊர் யாழ்ப்பாணம்: உதுக்குப் போய் இவ்வளவு கவலையோ? எங்கட ஊரே சுண்ணாம்புக் கல்லுக்கு மேலதான் கிடக்கு. அம்மா பருப்பு அவிக்க மழைத்தண்ணி பிடிச்சு வைப்பா, கிணத்துத் தண்ணியில கெதியா அவியாது. தண்ணி எப்பிடியெண்டு பார்க்க ஒரு வழி சொல்லுறன். ஒரு போத்தல்ல மழைத்தண்ணி, மற்றதில உங்கட பைப் தண்ணி விட்டு, ரெண்டிலயும் ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்குங்கோ. சுண்ணாம்பு கூடின வன்தண்ணியில நுரை வராது, வெள்ளைத் திரைதான் மிதக்கும். சவர்க்காரத்திலதான் இது தெரியும், ஷாம்பு எதிலயும் நுரைக்கும்.

மறுபடி மாத்தளை டீச்சர்: குலுக்கிப் பார்த்தேன், திரைதான். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஐந்து லீட்டர் கேனில் பீலித்தண்ணி கொண்டுவந்தேன், தேத்தண்ணிக்கு மட்டும். கண்டியில் பஸ் மாறும்போது கேனை மடியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு கண்டக்டர் கேட்டார், "என்ன டீச்சர், கோயில் தீர்த்தமா?"