புதுப்பிப்பு: சிக்வெயிட் சிக்கல் தீர்ந்தது

சிக்னலுக்கென்று (புரோகிராமுக்கு வரும் அறிவிப்பு) தனி திரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இழை) வைத்து சிக்வெயிட் (sigwait, சிக்னல் வரும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன்) அழைத்தும், சிக்டெர்ம் (SIGTERM, ‘முடித்துக்கொள்’ என்னும் சிக்னல்) வந்தால் சில நேரம் புரோகிராம் பட்டென்று செத்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். அந்த ஒரு திரெட்டில் மட்டும் சிக்னலை பிளாக் செய்திருந்தேன் (வந்தாலும் உடனே செயல்படாமல் நிறுத்திவைப்பது). புராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் முழு புரோகிராமுக்கு) வரும் சிக்னலை, பிளாக் செய்யாத எந்த திரெட்டிடம் வேண்டுமானாலும் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) கொடுத்துவிடும். ஹேண்ட்லர் (சிக்னலைக் கையாளும் ஃபங்ஷன்) இல்லையென்றால் மொத்த புராசஸும் காலி. இப்போது மெயின் ஃபங்ஷனில், முதல் பிதிரெட்_கிரியேட்டுக்கு (புதிய திரெட் தொடங்கும் அழைப்பு) முன்பே பிதிரெட்_சிக்மாஸ்க் போட்டு சிக்னலை பிளாக் செய்கிறேன். புதிய திரெட்கள் அந்த மாஸ்க்கோடுதான் (பிளாக் ஆன சிக்னல்களின் பட்டியல்) பிறக்கின்றன. நான் சேர்த்திருந்த லாக் லைப்ரரி ரகசியமாக ஒரு திரெட் தொடங்குகிறது. அதன் இனிட் (தொடக்க) வரியையும் பிதிரெட்_சிக்மாஸ்க் வரிக்குக் கீழே தள்ள வேண்டியிருந்தது.

அப்புறம், ஃபோர்க் (புராசஸின் நகலை உருவாக்குவது), எக்ஸெக் (அதில் வேறு புரோகிராமை ஓட்டுவது) செய்தாலும் மாஸ்க் கூடவே போகிறது. அப்படி உருவான சைல்டு புராசஸ் சிக்டெர்முக்கு அசையவே இல்லை! எக்ஸெக்குக்கு முன் அன்பிளாக் செய்ததும் சரியானது.