லீடுக்கு ‘ஈயம்’ வேண்டாம்

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ள பெங்களூரு வருகிறவர்களுக்கான நாலு பக்கக் கையேடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவை யாரோ மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர் கருவியிலிருந்து இதயத்துக்குள் போகும் மெல்லிய கம்பியான லீட் (lead) ‘ஈயம்’ ஆகிவிட்டது. அது போகட்டும், இதயத்தின் கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் பண்டில் (His bundle) ‘அவரது மூட்டை’ ஆகியிருக்கிறது! 1893-இல் அந்தத் தசைக்கற்றையை விவரித்த வில்ஹெல்ம் ஹிஸ் என்ன பாவம் செய்தாரோ. ‘ஹிஸ் கற்றை’ என்று மாற்றிவிட்டேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. சண்டை மற்ற சொற்களில்தான்.

குழுவின் ஐயா போன மடலில், இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே துடிப்பைக் கொடுக்கும் முறைக்கு (conduction system pacing) ‘கடத்தல் மண்டல முடுக்கம்’ என்று எழுதியிருந்தார். இயற்பியலில் கடத்தல் சரிதான். ஆனால் வீரப்பன் காலத்தைப் பார்த்த இந்தப் பக்கத்து ஆட்களிடம் ‘இதயக் கடத்தல்’ என்று சொல்லிப் பாருங்கள். முடுக்கம் அதைவிடச் சிக்கல். பள்ளிப் புத்தகத்தில் அது வேகம் கூடுவது. “இதை வச்சா நெஞ்சு படபடன்னு ஓடுமா தம்பி?” என்று அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டது இந்தச் சொல்லால்தான். இந்தக் கருவி இதயத்தை ஓட வைப்பதில்லை, அது துடிக்க மறக்கும்போது ஒரு துடிப்பைக் கொடுக்கிறது. ஆகவே துடிப்பூட்டல். பேஸ்மேக்கருக்கு ‘இதயமுடுக்கி’ வேர்பிடித்துவிட்ட சொல், அதைப் பிடுங்க வேண்டாம்.

‘கடத்தல் மண்டலம்’ என்பதற்கு ‘மின்வழி’ என்கிறேன். பழைய முறையில் வலது கீழறையின் நுனித் தசையில் மின்துடிப்பைக் கொடுப்பார்கள். அது தசை தசையாக ஊர்ந்து இடப்பக்கம் போய்ச் சேர நேரமாகும். வாய்க்கால் இருக்க, வயலின் ஒரு மூலையில் தண்ணீரைக் கொட்டுகிற கதை. 2000-இல் ஹிஸ் கற்றையிலேயே நிரந்தரமாகத் துடிப்பூட்டிக் காட்டினார்கள். 2017-இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியான் குழு, ஹிஸ் கற்றையிலிருந்து பிரியும் இடது கற்றைக் கிளைக்குப் போனது. இரண்டுமே வாய்க்காலில் தண்ணீர் விடுவது. ஆக, ‘மின்வழித் துடிப்பூட்டல்’.

இனி லீட். ‘மின்னிழை’ என்றால் குண்டு பல்பு நினைவுக்கு வருகிறது. ‘மின்வடம்’ என்றால் தேர் வடம். மெட்ரானிக் நிறுவனத்தின் 3830 போல 4.1 பிரெஞ்சு அளவு, அதாவது 1.4 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒன்றை வடம் என்று எப்படிச் சொல்வது? ‘துடிப்பிழை’ என்று வைக்கலாமா? கருவியின் துடிப்பை உள்ளே கொண்டுபோவதும் இதுதான், இதயத்தின் துடிப்பை அறிந்து கருவிக்குச் சொல்வதும் இதுதான். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இழையை இதயத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழலான கதீட்டருக்கு ‘வடிகுழாய்’ வேண்டவே வேண்டாம், சிறுநீர்ப் பைதான் கண்ணில் நிற்கும். டெல்லி அக்கா சொன்ன ‘உறை’ அழகான சொல். ஆனால் உறை கத்தியோடு இருப்பது, இது வேலை முடிந்ததும் வெளியே போய்விடும். பீன்யாவில் எங்கள் பட்டறையில் ஆட்டு இதயத்தை வைத்துத்தான் பழகுகிறோம். குழலில் இரண்டு வளைவுகள். ஒன்று மூவிதழ் வால்வைத் தாண்ட, மற்றது நுனியை இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவருக்கு நேராகத் திருப்ப. இழை பதிந்த பிறகு, பின்முனையில் சின்னக் கத்தியைப் பொருத்தி, கத்தி பிடித்த கையை அசைக்காமல், மற்ற கையால் குழலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். குழல் நீளவாக்கில் கிழிந்துகொண்டே வந்துவிடும், இழை நின்ற இடத்தில் நிற்கும். முதல் தடவை நான் கத்திக் கையையும் சேர்த்து இழுத்து, இழையைப் பிடுங்கி மேசையில் போட்டேன். ‘செலுத்துகுழல்’ என்றால் வேலை தெரிகிறது. நோயாளிக்கும் எது உள்ளே தங்குகிறது, எது வெளியே போகிறது என்ற குழப்பம் வராது.

இழையின் நுனியில் தசைக்குள் திருகி இறங்கும் சுருளுக்குத் ‘திருகாணி’. தோட்டுத் திருகாணி தெரியாத வீடு உண்டா? மெட்ரானிக்கின் 3830 இழையில் அது 1.8 மில்லிமீட்டர் நீளம், உள்ளே இழுக்க முடியாதது. இடைச்சுவரோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிப்பு. ஆகவே திருகாணி முன்னே போக, இழையின் உடம்பும் பின்னாலேயே தசைக்குள் நுழைய வேண்டும். இழை ஏன் இவ்வளவு மெல்லியது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. கையால் நாலு சுற்று சுற்றினால் நுனி சில சமயம் அசையவே அசையாது. முறுக்கு இழையில் ஏறி நிற்கும், விரலை விட்டால் பின்னுக்குச் சுழலும். அந்த முறுக்கு ஏறுவதை விரல் நுனி சொல்லும், எக்ஸ்ரே திரை சொல்லாது.

இந்த 3830-க்கு உள்துளை கிடையாது. நடுவில் கம்பிதான். மற்ற நிறுவனங்களின் இழைகள் பெரும்பாலும் துளையுள்ளவை, சற்றே தடிமன், உள்ளே ஸ்டைலெட் என்ற மெல்லிய கம்பியை நுழைத்து விறைப்பு ஏற்றுவார்கள். இந்த இரண்டு வகைக்கும் எனக்கு ஒரு ஆசை: அகக்காழ் (உள்ளே கெட்டி) உள்ளது மரம், புறக்காழ் (வெளியே கெட்டி) உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரித்தது போல ‘அகக்காழ் இழை’, ‘புறக்காழ் இழை’. ஆசைதான். செவிலியர் ஒருவரிடம் சொன்னேன், “சார், பேஷண்டுக்கா சொல்றீங்க?” என்றார். சரி, கையேட்டில் ‘கெட்டி இழை’, ‘துளை இழை’ என்றே போடுகிறேன். அகக்காழை நம் சொல்தொகுப்பில் சேர்க்க யாராவது ஆதரவு தந்தால் மகிழ்ச்சி.

ஸ்டைலெட் மட்டும் பாக்கி. இப்போதைக்கு ‘ஊடுகம்பி’ என்று வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. பாவாடையில் நாடா கோக்க ஒரு குச்சி வைத்திருப்பார்களே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? வியாழக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.