தமிழ் எழுத்துக்குள்ள போட்டோ: பவர்கிளிப் பண்ணினா நடுவுல ஓட்டை விழுது

வியாசை கோல்கீப்பர்
வியாசர்பாடி ஃபுட்பால் டோர்னமென்ட்டுக்கு 6×4 அடி ஃப்ளெக்ஸ். ‘வியாசை’ன்னு 5 அடி அகலத்துக்கு எழுத்து, அதுக்குள்ள டீம் போட்டோ தெரியணும். கோரல்ட்ரா டிசைன் சாஃப்ட்வேர்ல பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணி, கன்ட்ரோல் க்யூ கொடுத்து கர்வ் (எழுத்தை வெறும் கோட்டு வடிவமா மாத்துறது) ஆக்கி, போட்டோவை பவர்கிளிப் (ஒரு வடிவத்துக்குள்ள படத்தை அடைக்கிறது) பண்ணேன். ‘வி’யில மேல்விலங்கு (ி) வகரத்து மேல ஏறுற இடம் மட்டும் வெள்ளையா ஓட்டை. போட்டோ 1600 பிக்சல் அகலம், வாட்ஸ்அப்ல வந்தது.

மின்ட் டிசைனர்
தப்பு பவர்கிளிப்ல இல்ல, கர்வ்ல இருக்கு. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல வகரம் ஒரு கீ, மேல்விலங்கு இன்னொரு கீ. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் ‘வி’ ஆகுது. கன்ட்ரோல் க்யூ கொடுத்ததும் முழு வார்த்தையும் ஒரே கர்வா சேரும். அப்படிச் சேரும்போது ரெண்டு வடிவம் ஏறி நிக்கிற இடத்தை கோரல் வெட்டி எடுத்துடும். கம்பைன் கமாண்டால சேர்த்தாலும் இதே கதிதான்.

அந்த கர்வை அழிச்சிட்டு டெக்ஸ்ட்ல இருந்தே ஆரம்பிங்க. டெக்ஸ்டை செலக்ட் பண்ணி கன்ட்ரோல் கே. எழுத்தெழுத்தா பிரியும். அப்புறம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா கன்ட்ரோல் க்யூ. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி வெல்ட், அதாவது ஒட்டவச்சு ஒரே வடிவமாக்குறது. இப்ப ‘யா’வும் ‘சை’யும் தொடாம தள்ளி இருந்தாலும் மொத்தமும் ஒரே ஆப்ஜெக்ட். இந்த வரிசை மாறவே கூடாது: கர்வ் ஆக்கின பிறகு கன்ட்ரோல் கே கொடுத்தா எழுத்தோட உள்வட்டமும் தனியா பிரிஞ்சிடும். அதுக்கு மேல வெல்ட் பண்ணா சுழியெல்லாம் அடைஞ்சு மொத்தையா நிக்கும்.

கடைசியா போட்டோவை ரைட் கிளிக்ல இழுத்து எழுத்து மேல விடுங்க, வர்ற மெனுவுல பவர்கிளிப் இன்சைட். உள்ள போட்டோவை நகர்த்த கன்ட்ரோலோட கிளிக்.

தண்டையார்பேட்டை ஃப்ளெக்ஸ்
மின்ட் சொன்னது சரி. ஆனா அந்த போட்டோ தாங்காது. 5 அடின்னா 60 இன்ச், 1600ஐ 60ஆல வகுத்தா இன்ச்சுக்கு 27 பிக்சல்தான். கட்டம் கட்டமா உடையும். எடுத்தவங்ககிட்ட ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. 4000 பிக்சல் கிடைச்சா 67 வரும், ரோட்டுல நின்னு பாக்குற ஃப்ளெக்ஸுக்கு அது ஓடும்.

இன்னொண்ணு, 11 பேர் முகத்தை ‘வியாசை’க்குள்ள அடைக்காதீங்க. எழுத்து எவ்வளவு தடிமனா இருந்தாலும் பாதி முகம் இடைவெளியில விழுந்துடும், நம்ம பசங்க முகம் தெரியாம பேனர் எதுக்கு? எழுத்துக்குள்ள கிரவுண்டு, பந்து, கூட்டம் வைங்க. டீம் போட்டோவுக்கு கேடய வடிவம் தனியா வரைஞ்சு அதுல பவர்கிளிப் பண்ணுங்க.

வியாசை கோல்கீப்பர்
வெல்ட் பண்ணதும் ஓட்டை போயிடுச்சு, ரொம்ப நன்றிண்ணா. கேடய ஐடியாவும் எடுத்துக்கறேன். அதுல போட்டோவோட அடிப்பக்கம் மெதுவா மங்கி பேக்ரவுண்டோட கலக்கணும். வீட்டுல இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேர்தான் இருக்கு, அதுல ஆகுமா?

பெரம்பூர் வெக்டர்
ஆகும். ஆனா கிளிப்ல இல்ல, மாஸ்க்ல. கிளிப் கத்திரி மாதிரி, விளிம்பு நறுக்குன்னு நிக்கும். பவர்கிளிப்பும் அதே ஜாதிதான். மங்கணும்னா மாஸ்க்.

போட்டோ மேல அதே அளவுக்கு ஒரு செவ்வகம். அதுக்கு மேலிருந்து கீழா கிரேடியன்ட் (மெல்ல மாறுற நிறம்), மேல வெள்ளை, கீழ கறுப்பு. ரெண்டையும் செலக்ட் பண்ணி ஆப்ஜெக்ட் மெனுவுல மாஸ்க், செட். வெள்ளை இருக்கிற இடம் தெரியும், கறுப்பு இருக்கிற இடம் மறையும். தலை மறைஞ்சு கால் தெரிஞ்சா கிரேடியன்ட் தலைகீழா இருக்குன்னு அர்த்தம். ரிலீஸ் பண்ணி திருப்பிப் போடுங்க, போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது. மாஸ்க் ஆனதை அப்புறம் கேடயத்தால கிளிப் பண்ணுங்க, கேடயம் மேல இருக்கணும்.

கோரல்லயே முடிக்கணும்னா, பவர்கிளிப்புக்கு முன்னாடி டிரான்ஸ்பரன்சி டூலை போட்டோ மேல மேலிருந்து கீழ இழுத்தா போதும்.