கதிரின் பிக்கப்: குடும்பக் குழு

கதிர் கால்கரி: மாமா, பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே கனடாவில் பனிக்காலம் முழுக்க வேலைக்குப் போய்வர, கோடையில் படுத்துத் தங்கும் கேம்பரை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் போக, இரண்டுக்கும் இந்த ஒரு வண்டி தாங்குமா? 4,500 கிலோ வரை இழுக்கும் என்கிறார் விற்பவர்.

தெம்பனிஸ் மாமா: பின்னால் இழுக்கும் கேம்பரா, முதுகில் ஏற்றுவதா?

கதிர் கால்கரி: இழுப்பதுதான். தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 2,700 கிலோ.

தெம்பனிஸ் மாமா: அப்போது இழுவை எண்ணை விடு தம்பி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். படம் எடுத்துப் போடு.

பெரியம்மா: அந்தக் குளிரில் வண்டி முதலில் கிளம்புமா கதிர்?

மீனா அக்கா: கிளம்பும் பெரியம்மா. எட்மன்டனில் நாங்கள் இருந்தபோது வண்டிகளுக்கு முன்னால் ஒரு பிளக் தொங்கும். ராத்திரி கரண்டில் மாட்டிவிட்டால் இன்ஜின் உறையாமல் இருக்கும். கதிர், டயர்தான் முக்கியம். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயரின் ரப்பர் இறுகிவிடும். மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை பார்த்து வாங்கு. கோடைக்குத் தனி செட் வைத்துக்கொள்.

கதிர் கால்கரி: நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டிதானே அக்கா?

மீனா அக்கா: அது கிளம்பத்தான் உதவும். பிரேக் போட்டால் நிற்க உதவாது.

தெம்பனிஸ் மாமா: உண்மை. மழையில் சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில் காலி லாரி ஓட்டியவனுக்குத் தெரியும், பின்பக்கம் தனியாக ஆடும். பிக்கப்பும் காலியாக இருந்தால் அப்படித்தான்.

மீனா அக்கா: அதற்குத்தான் அங்கே பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டை போட்டு, நகராமல் கட்டிவைப்பார்கள். கேம்பர் மாட்டும் முன் மறக்காமல் இறக்கிவிடு, அதுவும் கணக்கில் சேரும்.

கதிர் கால்கரி: [படம்]
612 கிலோ மாமா.

தெம்பனிஸ் மாமா: நீங்கள் நாலு பேரும் எவ்வளவு?

கதிர் கால்கரி: 230 இருக்கும்.

தெம்பனிஸ் மாமா: மிச்சம் 382. கேம்பரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், 13 என்று வைத்தால் 351. எடையைப் பிரித்துக்கொடுக்கும் கொக்கி ஒரு 40 கிலோ. ஆக 391. ஒரு கட்டு விறகு ஏற்றுவதற்கு முன்பே தாண்டிவிட்டது!

கதிர் கால்கரி: பெரிய பிக்கப்புக்குப் போகட்டுமா?

தெம்பனிஸ் மாமா: வேண்டாம். வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகத்தானே ஓட்டப் போகிறாய்? கனமான ஸ்பிரிங், காலியாக ஓட்டினால் தூக்கிப் போடும். பிள்ளைகளை வைத்து பனியில் ஓட்டுகிறவனுக்கு அது நிம்மதி இல்லை. கேம்பரைச் சின்னதாக்கு.

கதிர் கால்கரி: 2,000 கிலோவில் ஒன்று பார்த்தேன், சாமான் சேர்த்தே அவ்வளவுதான். கட்டில் மட்டும் ஒன்று குறையும்.

தெம்பனிஸ் மாமா: மூக்குக்கு 260, கொக்கிக்கு 40. 82 கிலோ கையில் நிற்கும். விறகு, ஐஸ் பெட்டி, பிள்ளைகள் சைக்கிள் எல்லாம் போகும். அதையே எடு.

பெரியம்மா: சின்னவன் என்னோடு படுத்துக்கொள்வான். நான் ஜூனில் வருகிறேன்.

தெம்பனிஸ் மாமா: அப்படியானால் பெரியம்மாவின் எடையையும் கழித்துக்கொள் தம்பி. சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடு.